கொற்கை என்னும் பெயர்: ஓர் ஊரும் பல சுட்டுகளும்

ஆய்வுச் சுருக்கம்

‘கொற்கை’ என்னும் சொல் சங்கப் பனுவல்களில் ஒரு துறையையும், அத்துறையை உடைய வேந்தனையும், அங்குக் கிடைத்த முத்தின் உயர்வையும் சுட்டியது. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். அகழாய்வுக் களம் ஒன்றின் பெயர். சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் ஒன்றின் தலைப்பு. ஆய்வெழுத்தில் இச்சுட்டுகள் ஒன்றோடொன்று கலக்கப்படுகின்றன. தூத்துக்குடியே கொற்கை என்னும் முடிவு பல நேரங்களில் சான்றின்றியே கொள்ளப்படுகிறது. முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்கள் ஒரே பெயருடைய ஊர்களை அடைமொழி சேர்த்துப் பிரித்தறிந்த முறையோடு இவ்வழக்கத்தை ஒப்பிட்டு, கொற்கை என்னும் பெயரைக் கையாளும் ஆய்வு முறைமையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: கொற்கை, காயல், தூத்துக்குடி, இடப்பெயராய்வு, சங்க இலக்கியம், கால்டுவெல், ஜோ டி குரூஸ்

முன்னுரை

ஓர் ஊரின் பெயர் அவ்வூரோடு மட்டும் நிற்பதில்லை. அது ஆளுக்குப் பெயராகிறது; கோயிலுக்கும் பள்ளிக்கும் ஆகிறது; கடல் கடந்து வேறோர் ஊருக்கும் ஆகிறது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்துப் பெயர் 1829இல் ஆஸ்திரேலியக் கரையொன்றில் புதிய குடியேற்றத்திற்கு இடப்பட்டது. இன்று உலகினர் முதலில் நினைப்பது அந்தப் பின்னைய பெர்த்தையே. மூல ஊரைச் சொல்ல விரும்புவோர் ‘ஸ்காட்லாந்தின்’ என்று அடை கொடுக்க வேண்டியிருக்கிறது. பெயரைக் கொடுத்த ஊரே பின்னர் விளக்கம் தேவைப்படும் ஊராகிவிடுகிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் இத்தகைய நிலைக்கு உள்ளான பெயர் கொற்கை. ‘கொற்கை என்பது இன்றைய தூத்துக்குடி’ என்று தேர்வுத்தாள்களில் எழுதி மதிப்பெண் பெற்ற மாணவர் பலர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். பின்னர் தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணியின் வடபுறத்தில், வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே கொற்கை என்ற பெயர்ப்பலகையுடன் ஓர் ஊர் இருப்பதைக் கண்டபோதுதான் அவ்விடையின் பிழை புலப்பட்டது. பிழை ஒரு மாணவருடையது மட்டுமன்று. ஒரே பெயரின் பல சுட்டுகளைப் பிரித்தறியாத எழுத்து மரபு ஒன்று அதன் பின்னே இருக்கிறது. அம்மரபை அடையாளங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கப் பனுவல்களில் கொற்கை

சங்கப் பாடல்களில் கொற்கை பெரும்பாலும் தனிப்பெயராக வருவதில்லை. அது ‘துறை’ என்னும் சொல்லோடு இணைந்தோ, பாண்டியனைக் குறிக்கும் சொல்லோடு இணைந்தோ வருகிறது. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் அம்மூவனாரின் ஒரு பாடல் (ஐங். 188) இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. அச்சிறு பாடலில் கொற்கை என்னும் சொல் அடுத்தடுத்து இருமுறை இடம்பெறுகிறது. முதலாவது, வேந்தனை அடையாளப்படுத்தும் அடை. இரண்டாவது, அவனுடைய துறையின் பெயர். தலைவியின் கண்ணுக்கு உவமையாகும் நெய்தல் மலர் அத்துறையில் வைகறையில் மலர்கிறது. ஒரே பெயர் ஆளையும் இடத்தையும் சுட்டும் வேறுபாட்டைப் புலவர் அறிந்தே கையாண்டுள்ளார். இரண்டும் ஒன்றெனக் கருதியிருந்தால் இருமுறை கூறவேண்டிய தேவை எழாது.

மூன்றாவது சுட்டும் உண்டு. ஐங்குறுநூறு 185, அகநானூறு 27 ஆகிய பாடல்களில் தலைவியின் பல்லழகைச் சொல்லக் கொற்கை முத்து பயன்படுகிறது. இங்குக் கொற்கை ஊரைக் குறிப்பதைவிட ஒரு தரத்தையே குறிக்கிறது. எந்த முத்தும் முத்துதான். ஆயினும் கொற்கை முத்து என்றால் அதன் உயர்வுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. பிறந்த இடத்தின் பெயரே பொருளின் தரத்திற்கு முத்திரையாவதை இன்றைய வணிக வழக்கிலும் காண்கிறோம்.

கொற்கையின் நிலத்தோற்றத்தைத் தரும் பாடல்களும் தம்முள் வேறுபடுகின்றன. அகநானூறு 130இல் அலைகள் கொண்டுவந்து போட்ட முத்துகள் குதிரைகளின் கால்களை உறுத்துகின்றன. சிறுபாணாற்றுப்படையில் உமணரின் பிள்ளைகளோடு மந்தி முத்தை வைத்து விளையாடுகிறது. அகநானூறு 201இல் பழையர் மகளிர் முத்தையும் வலம்புரியையும் சொரிந்து துறையைப் பரவுகின்றனர். அகநானூறு 350இல் பரதவர் சுறாவை விலக்கி வலம்புரிக்காக மூழ்குகின்றனர். மதுரைக்காஞ்சி, முத்தோடும் சங்கோடும் தொடர்புடைய சேரியையும் கள்ளுண்போரின் பாக்கத்தையும் கொற்கையோடு சேர்த்துப் பேசுகிறது.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, சங்கக் கொற்கை ஒரு புள்ளியன்று. துறை, சேரி, பாக்கம், கழி ஆகியவற்றின் தொகுதி. இரண்டாவது, குதிரைக் காலில் இடறும் அளவுக்கு முத்துக் கிடந்தது என்பது அரசனின் வளத்தைக் கூறும் புனைவு. சுறாவை விலக்கி மூழ்கியது உழைப்பின் பதிவு. முன்னதில் முத்து தானே கரைக்கு வருகிறது. பின்னதில் கடலடியிலிருந்து மனிதர் எடுத்து வருகின்றனர். ‘கொற்கையின் வளம்’ என்று பொதுப்படக் கூறும் ஆய்வுகள் இவ்விரண்டையும் ஒரே வரிசையில் அடுக்குகின்றன. அவ்வாறு அடுக்கும்போது மூழ்கியவர் மறைந்து வேந்தனே எஞ்சுகிறான்.

சிலப்பதிகாரத்தில் கொற்கை வேறொரு பொருளைப் பெறுகிறது. நெடுஞ்செழியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் மதுரைக்கு வந்து, கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்காப்பியம் கூறுகிறது. இங்குக் கொற்கை முத்துத்துறையாக முன்னிறுத்தப்படவில்லை. இளவரசனின் இருக்கையாகவும், மதுரையின் பிழைக்கு ஈடு செய்ய ஆள் வந்த இடமாகவும் நிற்கிறது. இன்றைய கொற்கையில் வழிபடப்பெறும் அம்மனின் ‘வெற்றிவேல்’ என்னும் பெயர் அச்செழியனை நினைவூட்டுகிறது. அரசனின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒரே ஊரில் ஒலியொற்றுமை கொண்டிருப்பது, பெயர் ஆளிடமிருந்து கோயிலுக்குச் செல்லும் வழியை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

கொல்கோய்: கேட்ட பெயரும் எழுதிய பெயரும்

கிரேக்க, உரோமானியப் பயணக் குறிப்புகளில் கொற்கை ‘கொல்கோய்’ என்னும் வடிவில் அறியப்படுகிறது. ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்னும் நூல் பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட முத்துக்குளிப்பு இடமாக அதனைக் குறிப்பிடுகிறது. தாலமியோ அத்துறையை ஒட்டிய வளைகுடாவுக்கே அப்பெயரை இடுகிறார். இன்று மன்னார் வளைகுடா எனப்படுவது அவருக்குக் கொல்கோய் வளைகுடா. ஓர் ஊரின் பெயர் கடலுக்கே ஆகிவிட்ட நிலை அது.

இவ்வடிவத்தில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்த கொல்கிசு நாட்டு மக்களைக் கிரேக்கர் முன்னரே கொல்கோய் என அழைத்து வந்தனர். பொன் மறி மயிர்த்தோலைத் தேடிச் சென்ற வீரர்களின் கதையால் அப்பெயர் கிரேக்கர் அனைவரும் அறிந்தது. தமிழ்க் கடற்கரையில் கேட்ட அயல்மொழிப் பெயர், அவர்கள் நாவில் முன்பே பழகிய பெயரின் வடிவத்தைப் பெற்றிருக்கிறது. வேற்றுமொழிப் பெயரைத் தமக்குத் தெரிந்த பெயராக்கிக் கேட்பது எல்லா மொழியினர்க்கும் இயல்பு. எனவே கிரேக்க வடிவத்தை வைத்துத் தமிழ்ப்பெயரின் பழைய ஒலியை மீட்டுருவாக்க முனைவோர் இவ்வொலியொற்றுமையைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

எரித்திரியக் கடற்பயணம் மற்றொன்றையும் சொல்கிறது. அங்கு முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்நூல். அகநானூற்றுப் பரதவரும் இக்குற்றவாளிகளும் ஒரே துறையினர்தாமா, வேறு காலத்தவரா, வேறு கடற்பரப்பினரா என்பது தனியே ஆராயத்தக்கது. ‘கொற்கை’ என்னும் பெயர் இரு சான்றுகளிலும் இருப்பதாலேயே இவற்றை ஒரே காட்சியின் இரு பக்கங்களாகக் கொள்வது முறையன்று.

கொல்கோயைக் கொற்கையெனக் கண்டு எழுதியவருள் முதன்மையானவர் இராபர்ட் கால்டுவெல். 1838இல் சென்னைக்கு வந்து, பின்னர் இடையன்குடியில் தங்கிய அவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் தாம் மேற்கொண்ட கள ஆய்வுகளைப் பற்றி 1877இல் எழுதினார். 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்றிலும் இவற்றை விரித்துரைத்தார். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலக, கொற்கை துறைமுகத் தகுதியை இழந்து, காயல் அதன் இடத்தைப் பெற்றது என்பது அவர் விளக்கம். சேர, சோழ, பாண்டியர் மூவரும் உடன்பிறந்தோராய்க் கொற்கையில் வாழ்ந்தனர் என்றும், அருகிலுள்ள முக்காணியில் மூவர்க்கும் காணி இருந்தது என்றும் வழங்கும் கதையையும் அவர் பதிவுசெய்துள்ளார்.

கால்டுவெல் என்னும் பெயரே இக்கட்டுரைப் பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள ஓர் இடத்தின் பெயரே அக்குடும்பப் பெயராயிற்று என்று பொதுவாகக் கொள்வர். ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு அயர்லாந்தில் பிறந்த ஒருவர் அப்பெயரைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார். இன்று தூத்துக்குடியில் அது ஒரு பள்ளியின் பெயர். அப்பள்ளியின் பெயரை நாள்தோறும் உச்சரிப்போர்க்கு அது ஓர் இடப்பெயர் என்பது தோன்றுவதில்லை, தோன்றவேண்டியதும் இல்லை. ஆனால் அப்பள்ளியைச் சான்றாகக் கொண்டு ஸ்காட்லாந்துச் சிற்றூரின் வரலாற்றை எவரேனும் எழுதினால் நகைப்போம். கொற்கையின் செய்தியில் ஏறத்தாழ அதையே செய்துகொண்டு நகையாமல் இருக்கிறோம்.

காயல்கள்: மக்கள் கைக்கொண்ட அடைமொழி

கால்டுவெல் கொற்கையையும் காயலையும் தனித்தனியே வைத்துப் பேசினார். அவருக்குப் பின் எழுந்த சுருக்க வரலாறுகள் ‘கொற்கை, பின்னர் காயல், பின்னர் தூத்துக்குடி’ என ஒரு நேர்கோட்டை வரைந்தன. இக்கோடு மூன்று வேறு காலத்து, வேறு அரசியற் சூழலிலிருந்த துறைகளை, முகவரி மட்டும் மாறிய ஒரே துறைமுகம்போல் காட்டுகிறது. சங்கக் கொற்கை பாண்டியரின் நேரடி இருக்கை. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறிப்பிடும் காயல், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய வணிகத் துறை. தூத்துக்குடியோ போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் எனக் கடல்கடந்த ஆட்சியினரின் கையில் வளர்ந்த நகர். முத்து மூன்றுக்கும் பொது. முத்தின் உரிமை யாரிடம் இருந்தது என்பதில் மூன்றும் வேறு.

கடற்கரை மக்களின் பெயரிடும் வழக்கம் இந்த நேர்கோட்டைவிடத் துல்லியமானது. காயல் என்பது கழிமுகத்தையும் உப்பங்கழியையும் குறிக்கும் பொதுச்சொல். தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்து அப்பெயருடைய ஊர்கள் பல எழுந்தபோது மக்கள் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என அடையும் ஈறும் சேர்த்து அவற்றைப் பிரித்தனர். ‘பழைய’ என்பது காலத்தையும், ‘புன்னை’ என்பது மரத்தையும், ‘பட்டினம்’ என்பது வணிக நிலையையும் சுட்டுகின்றன. மூன்று பெயர்களும் தம் உறவை ஒப்புக்கொள்கின்றன; ஆயினும் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்கவில்லை. ‘பழைய’ என்னும் அடை ஓர் ஊர் இறங்கியதையும் அது இன்னும் இருப்பதையும் ஒருங்கே சொல்கிறது.

கொற்கைக்கு இவ்வகை அடை தேவைப்படவில்லை. தூத்துக்குடியைப் புதுக்கொற்கை என்று அழைக்கும் மக்கள் வழக்கு இல்லை. மக்களைப் பொறுத்தவரை கொற்கை எப்போதும் கொற்கை ஊரே. அவ்வூர் இடைக்காலத்தில் மதுரோதயநல்லூர் என்ற பெயரைப் பெற்றபோதும் பழைய பெயர் மறையவில்லை. அருகிலுள்ள அக்கசாலை என்னும் பெயர் நாணயம் அடித்த இடத்தை நினைவில் வைத்திருக்கிறது; அங்குள்ள ஈசுவரமுடையார் கோயிலும் அப்பெயரோடே வழங்குகிறது. அரசு போனது, துறை போனது, நாணயமும் போனது. தொழிலின் பெயர் மட்டும் ஊரில் நிற்கிறது. இடப்பெயராய்வாளர்க்கு இதைவிட நம்பத்தக்க ஆவணம் அரிது.

ஒலி ஒத்த ஊர்கள்

சுட்டுக் குழப்பத்திற்கு மற்றொரு காரணம் ஒலியொற்றுமை. கும்பகோணம் அருகே கீழக்கொற்கை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பிரம்மஞானபுரீசுவரர் கோயிலின் தலவரலாறு அவ்வூர்ப்பெயரைக் கோரக்கர் என்னும் சித்தரோடு இணைத்து விளக்குகிறது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான, காமனை எரித்த தலமாகப் போற்றப்பெறும் திருக்குறுக்கை இன்று பேச்சு வழக்கில் கொருக்கை எனப்படுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதப்படும்போது இவை கொற்கையோடு எளிதில் மயங்குகின்றன. வல்லின றகரமும் இடையின ரகரமும் அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடுவதே இதற்குக் காரணம்.

தலவரலாறுகள் கூறும் சொற்பிறப்பு மொழியியல் நோக்கில் ஏற்கத்தக்கதா என்பது வேறு கேள்வி. அவை ஒன்றைச் செய்கின்றன: தம் ஊரைப் பாண்டியர் கொற்கையோடு குழப்பிக்கொள்ளாமல், தமக்கென ஒரு கதையைச் சொல்கின்றன. கீழக்கொற்கையார் தம் ஊரில் முத்து எடுத்ததாகக் கூறுவதில்லை. கொற்கை என்னும் சொல்லுக்குக் கால்டுவெல் படை, பாசறை என்னும் பொருள்வழியில் விளக்கம் தேட முனைந்ததையும் இங்கு நினைவுகூரலாம். ஒரே ஒலிக்கு ஒருவர் போர்க்களத்தையும் மற்றொருவர் சித்தரையும் காண்கின்றனர். சொற்பிறப்பு விளக்கம் பெரும்பாலும் விளக்குபவரின் நாட்டத்தையே காட்டுகிறது. அதனை வரலாற்றுச் சான்றாக ஏற்குமுன் ஊரின் நிலவியலையும் கல்வெட்டையும் கேட்கவேண்டும்.

நாவலின் கொற்கை

2009இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 1914 தொடங்கி 2000 வரையிலான காலத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் விரிக்கும் இந்நாவலின் களம் தூத்துக்குடித் துறைமுகமும் அதைச் சார்ந்த தோணித்தொழிலும் ஆகும். பரவர், நாடார் உள்ளிட்ட சமூகங்களின் ஏற்ற இறக்கங்களை அது பேசுகிறது. நாவல் பேசும் நூற்றாண்டில் கொற்கை என்னும் ஊர் கடலை விட்டு விலகிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் தலைப்பு கொற்கை.

இத்தலைப்பை இதே ஆசிரியரின் முதல் நாவலோடு ஒப்பிடுவது பயன் தரும். 2004இல் வெளிவந்த ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் கடலோரச் சிற்றூருக்கு ஆமந்துறை என்னும் புனைபெயர் இடப்பட்டது. உண்மையான சிற்றூரின் வாழ்வைச் சொல்லப் புனைபெயரைத் தேர்ந்தவர், உண்மையான நகரத்தின் வாழ்வைச் சொல்ல மற்றோர் உண்மையான ஊரின் பெயரைத் தேர்கிறார். முதலாவது மறைப்பு; இரண்டாவது உரிமை கோரல்.

அவ்வுரிமை கோரலில் நியாயம் உண்டு. ஆங்கிலேயர் எழுதிவைத்த தூத்துக்குடி, பஞ்சும் உப்பும் ஏற்றுமதியாகும் துறைமுகம் மட்டுமே. அங்கு மூழ்கியோரும் தோணி ஓட்டியோரும் பதிவேடுகளில் கூலியாட்களாகவே இடம்பெற்றனர். அவர்களின் கதைக்குக் கொற்கை என்று பெயரிடும்போது, இருபதாம் நூற்றாண்டுக் கடலோடிக்கு ஈராயிரம் ஆண்டு மூதாதையர் வாய்க்கின்றனர். வேந்தனின் அடைமொழியாக இருந்த பெயரைக் கடலோடியின் பெயராக்கியது இந்நாவலின் குறிப்பிடத்தக்க சாதனை. அகநானூறு 350இல் சுறாவை விலக்கி மூழ்கியவரை மீண்டும் முன்னிறுத்தும் செயல் எனவும் இதனைக் கொள்ளலாம்.

இழப்பும் உண்டு. தலைப்பு தொடர்ச்சியை உறுதிப்படுத்தும் அளவுக்கு முறிவுகளை மறைக்கிறது. சங்கப் பரதவர்க்கும் இருபதாம் நூற்றாண்டுப் பரவர்க்கும் இடையே காயலின் வணிகமும், 16ஆம் நூற்றாண்டின் மதமாற்றமும், ஐரோப்பியர் முத்துக்குளிப்பின் மீது கொண்ட ஆதிக்கமும் நிற்கின்றன. நாவலின் உடல் இம்முறிவுகளின் விளைவுகளையே பேசுகிறது. தலைப்போ அவற்றைத் தாண்டிச் செல்கிறது. இந்த இழுபறியே நாவலை வாசிக்கத்தக்கதாக்குகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் நாவலை ஆராயும் கட்டுரைகள் பலவும் இவ்விழுபறியைக் காணாமல், கொற்கை தூத்துக்குடியின் பழம்பெயர் என்ற ஒற்றை வரியில் அதைத் தீர்த்துவிடுகின்றன. ஒரு பெயரை இடம்மாற்றி வைப்பது படைப்பாளியின் உரிமை. அது இடம்மாறியுள்ளது என்று சுட்டுவது ஆய்வாளரின் கடமை. முன்னவரின் உரிமையைப் பின்னவர் தம் கடமைக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

இதன் விளைவு அகழாய்வுச் செய்திகளைக் கையாளும் முறையிலும் தெரிகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69இல் கொற்கையில் அகழாய்வு செய்தது. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 அளவினது எனக் கணிக்கப்பட்டது. 2021இல் ஆதிச்சநல்லூர், சிவகளை ஆகியவற்றோடு கொற்கையிலும் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. கரித்துண்டின் காலம் அது கிடைத்த மண்ணடுக்கில் மனிதர் வாழ்ந்த காலத்தைச் சுட்டும். முத்து வணிகத்தின் காலத்தையோ சங்கப் பாடல்களின் காலத்தையோ தானாகச் சுட்டாது. கொற்கையும் தூத்துக்குடியும் ஒன்று எனக் கொண்டால் அக்காலம் தூத்துக்குடிக்கும் ஏற்றப்படும். தூத்துக்குடி 2,800 ஆண்டுப் பழமையான துறைமுகம் என்ற வரி அவ்வழியே பிறக்கும். ஒரு சிற்றூரின் மண்ணில் கிடைத்த ஆவணம் அவ்வூரின் கணக்கில் சேராமல் ஒரு நகரத்தின் பெருமைக் கணக்கில் சேர்கிறது.

ஆளின் பெயர் ஊருக்கு

கொற்கையில் இடத்தின் பெயர் வேந்தனுக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தூத்துக்குடியில் பெயர் எதிர்த்திசையில் செல்கிறது. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்து, 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, 1908இல் சிறைப்பட்ட வ.உ. சிதம்பரனாரின் பெயர் 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்திற்கு இடப்பட்டது. 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குப் பெயர் சூட்டியதையொட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் மூண்டன. அதன்பின் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமாயிற்று. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் வ.உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. மாவட்டத்தின் பெயரிலிருந்து நீங்கிய பெயர் துறைமுகத்தில் நிலைபெற்றது.

பெயரைப் பகிர்வது வெறும் அடையாளச் செய்தியன்று என்பதற்கு 1997 சான்று. ஒரு பெயரை யாருக்கு, எதற்கு இடுவது என்பதில் மக்கள் உயிரையும் இழந்துள்ளனர். ஆகவே பெயர்களைக் கலந்து எழுதுவதைச் சிறு கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது.

தூத்துக்குடியின் மற்றொரு பெயரான ‘முத்துநகர்’ என்பதையும் இங்கு நோக்கலாம். சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டி அப்பெயரைத் தாங்கியுள்ளது. ஆனால் அக்கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நிகழவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது ஆய்வகத்தின் வெற்றி. மூழ்குவோரின் தொழில் அதனால் மீளவில்லை. தொழில் நின்றபின் அதன் பெயர் நகரின் அணியாகிறது. துறை நின்றபின் கொற்கை நாவலின் தலைப்பாகிறது. இரண்டிலும், பொருள் மறைந்த பிறகே பெயர் எளிதில் எவர்க்கும் கிடைக்கும் நிலையை அடைகிறது.

முடிவுரை

கொற்கை என்னும் பெயர் இன்று குறைந்தது நான்கு சுட்டுகளைக் கொண்டுள்ளது. சங்கப் பனுவல்களில் அது துறை, சேரி, பாக்கம் ஆகியவற்றின் தொகுதியாகவும், அதன்வழி வேந்தனின் அடைமொழியாகவும் முத்தின் தரமுத்திரையாகவும் வருகிறது. அயல்நாட்டுக் குறிப்புகளில் அது கொல்கோய் என்னும் வடிவில் வளைகுடா வரை விரிகிறது. தாமிரபரணிக் கரையில் அது வாழும் ஊர், அகழாய்வுக் களம். நாவலில் அது தூத்துக்குடிக் கடலோடிகளின் நூற்றாண்டுக்கு இடப்பட்ட தலைப்பு. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒன்றன் சான்றை மற்றொன்றன் கணக்கில் எழுதுவதே பிழை.

இதற்குப் புதிய கோட்பாடு தேவையில்லை. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று பிரித்தழைத்த மக்களிடம் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வுரைகளில் சங்கக் கொற்கை, கொல்கோய், கொற்கை ஊர், நாவற்கொற்கை என முதன்முறை வரும் இடத்திலேனும் அடை சேர்த்து எழுதினால் போதும். பாடநூல் விளக்கங்களிலும் வினாத்தாள்களிலும் ‘கொற்கை இன்றைய தூத்துக்குடி’ என்னும் வரியை ‘கொற்கை தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஊர்’ என்று திருத்தினால் போதும். மாறும் சொற்கள் சிலவே. ஆனால் திருத்திய வரியைப் படிக்கும் மாணவர் அவ்வூருக்குப் போய்ப் பார்க்க இயலும்.

பேருந்தில் கொற்கைக்கு இறங்குவோர்க்கு இந்த நான்கு சுட்டுகளின் சிக்கல் இல்லை. குளத்தையும், பழமையான வன்னி மரத்தையும், வெற்றிவேல் அம்மன் கோயிலையும் உடைய தம் ஊரை அவர்கள் அறிவர். கொற்கை என்றால் எது என்னும் கேள்விக்கு முதல் விடை அவர்களுடைய ஊரே. அவ்விடையிலிருந்து தொடங்கும் ஆய்வே சங்கத் துறைக்கும், கிரேக்கர் எழுதிய வளைகுடாவுக்கும், நாவலின் நகரத்திற்கும் நேர்வழியில் செல்ல முடியும்.